இருபத்திரண்டு வீட்டுப் புடவை

என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நாம் நாலாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் உங்கள் வீட்டுக் கொடியில் என்னென்ன துணி காய்ந்தது என்று நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. எங்கள் வீட்டுக் கொடி மட்டும் இல்லை, எங்கள் தெருவின் இருபத்திரண்டு வீட்டுக் கொடிகளும். ஞாபகசக்தி என்று நினைத்துவிட வேண்டாம். எழுதி வைத்தேன், அவ்வளவுதான். அந்த நோட்டு இப்போது என்னிடம் இல்லை. ஆனால் ஒன்பது வயதில் கட்டம் எண்ணி எழுதியது சுலபத்தில் அழிவதில்லை. முதல் நரையைப் பிடுங்கிப் போட்ட இந்த வயதிலும் வரிசை தப்பாமல் வருகிறது.

நன்னிலத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம் எங்கள் ஊர். மாதா கோயில் தெருவின் ஒரு கோடியில் கோயில், மறு கோடியில் மதகு, அதற்கப்பால் ஆறு. மே மாதத்தில் ஆறு என்றால் மணல்தான். கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்திருந்தன. ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் முக்காட்டைக்கூட எடுக்காமல் வெளிநாட்டுக்குப் பேசக் கடைத்தெரு டெலிபோன் பூத்துக்கு ஓடுவார்கள். பாதி வீட்டு ஆண்கள் குவைத்தில், மஸ்கட்டில், சிங்கப்பூரில். என் அப்பா மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கட்டட வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன். மற்ற அப்பாக்கள் லீவில் வரும்போது சாக்லேட் கொண்டுவந்தார்கள். என் அப்பா மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் நோட்டுகளும் கொண்டுவந்தார். எனக்கு அதில் எந்தக் குறையும் தோன்றியதில்லை.

அந்த ஏப்ரலில் சித்தி சென்னையிலிருந்து வந்தார். அம்மாவின் தங்கை. ஐந்து வருஷம் ஓவியம் படித்து முடித்து, ஒரு டிரங்குப் பெட்டியும் தோளில் நீளமான அட்டைக் குழாயுமாகப் பஸ்ஸை விட்டு இறங்கினார். படம் வரையக் கற்றுக்கொள்ள ஐந்து வருஷமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். அதில் கேலி இல்லை. உண்மையான சந்தேகம். ஒருவர் தன் மொபெட் நம்பர் பிளேட்டை எழுதித் தரச் சொன்னார். சித்தி எழுதித் தந்தார். தெருவிலேயே அழகான நம்பர் பிளேட் அதுதான்.

சித்தி வந்த நேரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மே மாதம் மாதா வணக்க மாதம், கடைசி நாள் எங்கள் கோயில் திருவிழா. அன்றைக்கு மாதா சொரூபத்துக்குப் புதுப் புடவை சாத்தித் தேரில் வைப்பார்கள். புடவை கொடுப்பது வரிசைப்படி வருஷத்துக்கு ஒரு வீடு. அந்த வருஷம் எங்கள் முறை. விட்டால் அடுத்த முறை இருபத்திரண்டு வருஷம் கழித்து, சித்திக்கு நாற்பத்தைந்து வயதாகும்போது.

சித்திக்கு வேண்டியது ஒன்றுதான். தான் வரைந்த புடவையை மாதா உடுத்த வேண்டும்.

அதற்குப் பின்னால் ஒரு கல்லூரிக் கதை உண்டு. கடைசி வருஷம் எல்லோரும் அவரவர் மரபிலிருந்து டிசைன் எடுத்து வரைய வேண்டும் என்றார்களாம். சித்தி கோதுமைக் கதிரும் திராட்சைக் கொடியும் வரைந்தார், பூசைப் புத்தகத்தில் இருப்பதைப் போல. அது ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டார்கள். யாளியும் மாங்காயும் வரைந்தார். அது கோயில் சிற்பம், உனக்கென்று இருப்பதைக் கொண்டு வா என்றார்கள். சித்தி நெல் விளையும் ஊர்ப் பெண், கோதுமைக் கதிரை நேரில் பார்த்ததே இல்லை. யோசித்துப் பார்த்து, எனக்கென்று இருப்பது எங்கள் தெருக் கொடியில் காய்கிற துணிதான் என்று முடிவு செய்திருந்தார். வீட்டுக்கு ஒரு கட்டம். அந்த வீட்டில் அன்றாடம் கட்டும் துணியின் கரையோ கோடோ அந்தக் கட்டத்தில். இருபத்திரண்டு கட்டமும் சேர்ந்தால் மாதாவின் புடவை.

கணக்கெடுக்க ஆள் வேண்டும். கிராஃப் நோட்டு என்னிடம் இருந்தது.

முதல் மூன்று நாள் வேலை ஒழுங்காகப் போனது. காலை பத்து மணிக்கு, துணிகள் பாதி காய்ந்து விறைக்கும் நேரத்தில், பென்சிலோடு கிளம்புவேன். பத்திகள் நான்கு: வீடு, துணி, கோடுகளின் எண்ணிக்கை, நிறம். குனிந்து நிமிர்ந்து நூல் எண்ணுவேன். நீலம் போட்ட வேட்டிகளின் மணம், சவுக்காரக் கட்டி மணம், ஈரத் தூளித் துணியில் போக மாட்டேன் என்று நிற்கும் குழந்தை மணம். ஒன்பதாம் வீட்டுப் பெரியம்மா கணவரை இழந்தவர். கரையே இல்லாத வெள்ளைப் புடவைதான் கட்டுவார். அவர் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘கோடு: 0’ என்று எழுதினேன்.

நாலாம் நாள் தெருவுக்குள் நுழைந்தால் கொடிகள் எல்லாம் மாறியிருந்தன. கணக்கெடுப்புச் செய்தி பரவிவிட்டது. பெட்டிக்குள் நாப்தலின் உருண்டையோடு கிடந்த சரக்கெல்லாம் வெளியே வந்திருந்தது. சிங்கப்பூர்ப் பூத்துவாலை, ஒட்டகம் போட்ட மேசை விரிப்பு, பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாத ஜப்பான் நைலக்ஸ் புடவை. குவைத்து அக்கா வீட்டு முன்னால், மே மாத வெயிலில், புலி முகம் போட்ட கம்பளிப் போர்வை முழு நீளத்துக்குத் தொங்கியது. குவைத்து அக்கா குவைத்துக்குப் போனதே இல்லை. அவர் கணவர் அங்கே டிரைவர்.

நான் நோட்டைத் திறக்காமல் நின்றேன். பழைய துணி, நம்முடைய துணி மட்டும்தான் என்று சித்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“என்ன பாப்பா, புலிய எழுதலையா?”

“நம்மளோடது மட்டும்தான் எழுதணுமாம் அக்கா. இது வெளிநாட்டுது.”

அக்கா போர்வையை ஒரு தட்டுத் தட்டினார். “இந்தப் போர்வ வர்றதுக்கு எங்க வீட்டுக்காரரு மூணு வருசம் அங்க கெடந்தாரு. இது எங்களோடது இல்லன்னா வேற எது எங்களோடது? ஒங்க சித்தியப் போய்க் கேட்டுட்டு வா.”

நான் சொல் மாறாமல் போய்க் கேட்டேன். சித்தி தூரிகையின் பின்முனையைக் கடித்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் போட்டார். பிறகு, “புலிய எழுதிக்க,” என்றார். நான் வாசலுக்குப் போனதும் மறுபடி கூப்பிட்டார். “ஒட்டகத்தையும் எழுதிக்க. அவங்க எதக் காட்டுறாங்களோ எல்லாம் எழுதிக்க.”

இப்போது யோசிக்கும்போது சித்தியின் படிப்பு உண்மையில் முடிந்தது அந்தக் காலையில்தான் என்று படுகிறது. அன்றைக்கு எனக்கு வந்த கவலை வேறு. புலிக்கு எத்தனை கோடு என்று எண்ண முடியவில்லை.

எங்கள் வீடு பதினேழாம் நம்பர். நம் வீட்டுக்கு ஒன்றும் வேண்டாம், விட்டுவிடு என்று அம்மா சொல்லிவிட்டார். கணக்கில் ஒரு வரி காலியாக இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அம்மா ரேஷனுக்குப் போன நேரத்தில் அலமாரியைத் திறந்தேன். அடித்தட்டில், தலையணை உறைக்குள், அப்பாவின் லுங்கி ஒன்று மடித்துக் கிடந்தது. ஊதாக் கட்டம், குறுக்கே மெல்லிய மஞ்சள் கோடு. போன லீவில் கடைசி நாள் கட்டியிருந்தது. சவரச் சோப்பும் வியர்வையுமாக மணந்தது. அம்மா இதைத் தோய்க்க மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்: ‘வீடு 17. லுங்கி. ஊதாக் கட்டம், மஞ்சள் கோடு 1. குறிப்பு: தோய்க்கவில்லை.’ சாயங்காலம் அதை வாசித்த அம்மா நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. எனக்கு அதுவே விசித்திரமாக இருந்தது.

இனி தவறு நடந்த கதை.

இன்று நான் திருப்பூரில் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். துணியை நனைத்து, தேய்த்து, காயவைத்து, சாயம் போகிறதா என்று பார்ப்பது என் தொழில். அதனால் உறுதியாகச் சொல்கிறேன், சித்தி செய்தது சரியான முறை. கும்பகோணத்தில் வாங்கிய கோரா நிறப் பருத்திப் புடவை தறியிலிருந்து வந்த கஞ்சியோடு அட்டை மாதிரி நின்றது. ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தார். வண்ணம் கஞ்சிமேல் உட்கார்ந்து, மடித்ததும் செதிலாக உதிர்ந்தது. கஞ்சியை நீக்காமல் வண்ணம் நூலுக்குள் போகாது. ஆகவே வெந்நீர் அண்டாவில் சலவைச் சோடா போட்டுப் புடவையைக் கொதிக்க வைத்து, மூன்று தடவை அலசி, உதறி, வாசல் கொடியில் போட்டார்.

வாசல் கொடியில். நானும் என் நோட்டும் சேர்ந்து ஒரு தெருவையே அடுத்தவர் வீட்டுக் கொடியைப் பார்க்கப் பழக்கியிருந்த நேரத்தில்.

அரைமணி நேரத்தில் டீச்சரம்மா வந்துவிட்டார். என் அம்மாவுக்கும் சித்திக்கும் நாலாம் வகுப்பு எடுத்தவர். ரிட்டயர்டு ஆன பிறகு மாதாவுக்குப் புடவை சாத்துவது அவர் பொறுப்பு. உதட்டில் நாலு ஊக்கைக் கவ்விக்கொண்டே தெளிவாகப் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். அன்று வாயில் ஊக்கு இல்லை.

“இது மாதாவுக்கு எடுத்த புடவதானே?”

“ஆமா டீச்சர்.”

“மாதாவுக்குக் கோடிப் புடவ சாத்துறதுதான் வழக்கம். தண்ணி பட்டுடுச்சுன்னா அது தோய்ச்ச புடவ. ஒங்க வீட்டுக் கல்யாணப் பொண்ணுக்குத் தோய்ச்ச புடவ எடுத்து வைப்பியா?”

சித்தி கஞ்சி, நூல், வண்ணம் என்று விளக்கினார். டீச்சரம்மா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அப்படியானால் வண்ணம் வேண்டாம் என்றார். கூட வந்தவர்களும் தலையாட்டினார்கள். அதில் குவைத்து அக்காவும் ஒருவர். அவர் புலியின் பக்கம்தான், ஆனால் மாதாவுக்குத் தோய்த்த புடவை என்பதை அவராலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சித்தி அம்மாவைத்தான் நம்பியிருந்தார். அம்மா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, “சில துணிய நனைக்கக் கூடாதுன்னா கூடாதுதான். அதுக்கெல்லாம் காரணம் கேக்காத,” என்றார். நீ யார் பக்கம் அக்கா என்று சித்தி கத்தினார். அம்மா கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அலமாரியின் அடித்தட்டு ஞாபகம் வரவில்லை.

சித்தி வரைவதை நிறுத்தவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. கயிற்றுக் கட்டிலைத் தலைகீழாகப் போட்டு அதில் புடவையை இழுத்துக் கட்டி, நாளுக்கு ஒரு கட்டம், சில நாள் இரண்டு. முடிந்த பகுதியை இஸ்திரி வண்டிக்காரரிடம் கொண்டுபோய்ப் பின்பக்கம் சூடு காட்டி வாங்கி வருவேன். வண்ணம் பிடித்துக்கொள்ள அதுவும் அவசியம். சாயங்காலமானால் எங்கள் முற்றம் நிறைந்துவிடும். அவரவர் கட்டத்தைத் தேடுவது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. சித்தி புலியை வரையவில்லை, புலியின் கோடுகளை மட்டும் சேலைக் கரை மாதிரி ஓட்டியிருந்தார். குவைத்து அக்கா முகம் எங்கே, மீசை எங்கே என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, ஓடுகிற புலிக்கு முகம் தெரியாதுதான் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒன்பதாம் வீட்டுப் பெரியம்மாவின் கட்டத்தில் சித்தி ஒன்றுமே வரையவில்லை. சுற்றிலும் அத்தனை நிறத்துக்கு நடுவில் அது ஜன்னல் திறந்தது போல வெள்ளையாக இருந்தது. பெரியம்மா யாரும் காட்டாமலே விரலை அங்கே வைத்தார். “இது நான்தானே,” என்று சிரித்தார். அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

டீச்சரம்மாவும் ஒரு நாள் வந்தார். நீலக்கரை போட்ட, கஞ்சி மொடமொடக்கும் பள்ளிக்கூடப் புடவை அவருடையது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். “கரையில ஆறு கோடு. அஞ்சுதான் போட்ருக்க,” என்றார். தவறு என்னுடையது, நோட்டில் ஐந்து என்றுதான் இருந்தது. சித்தி அங்கேயே ஆறாவது கோட்டை இழுத்தார். டீச்சரம்மா அது காயும்வரை நின்று பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா சாத்த முடியாது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் பங்குச் சாமியாரிடம் போனது. அவர் ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, புடவைச் சண்டையில் ஆண்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் கற்றிருந்தார். வரைந்த புடவையைத் தேரின் மேற்கட்டியாகக் கட்டலாமே, மாதாவின் தலைக்கு மேலே அல்லவா இருக்கும் என்றார். சாத்துவதற்குக் கோடிப் புடவை ஒன்று எங்கள் வீட்டிலிருந்தே கொடுத்துவிடலாம். எல்லோரும் சரி என்றார்கள். அம்மா கரும் சிவப்பில் ஜரிகைப் புடவை ஒன்று வாங்கி வந்தார். சித்தியும் சரிங்க ஃபாதர் என்றார். வீட்டுக்கு வந்து எல்லாத் தூரிகைகளையும் கழுவினார். சுத்தமாக இருந்தவற்றையும் கழுவினார்.

திருவிழா அன்று நாலு மணிக்கே தேர் கிளம்பியது. தேர் என்றால் டிராக்டர் டிரெய்லர்தான், சுற்றிலும் கிரேப் காகிதத் தோரணம், நடுவில் பூப்பந்தலுக்குள் கரும் சிவப்புப் புடவையில் மாதா. நான்கு மூங்கில்களில் கட்டிய மேற்கட்டியாக எங்கள் இருபத்திரண்டு வீடு. சித்தி கூட்டத்தின் கடைசியில், என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெபமாலைக்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணாந்து பார்க்கவே இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மதகுப் பக்கம் திரும்பும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. தூறல் என்று சொல்ல முடியாது. ஒரே கொட்டு. பேண்டு வாத்தியக்காரர்கள் டிரம்மைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். கிரேப் காகிதம் பச்சையும் மஞ்சளுமாகக் கரைந்து ஓடியது. சாரல் மேற்கட்டிக்குக் கீழே பக்கவாட்டில் புகுந்து மாதாவை நனைத்தது. அப்போதுதான் யாரோ முன்னால் அலறினார்கள். மாதாவின் வெள்ளைக் கைகளிலிருந்து சிவப்பாக வழிந்தது. விரல் நுனியில் திரண்டு சொட்டியது. கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சேற்றிலேயே முழங்காலில் விழுந்து, “அற்புதம், அற்புதம்,” என்று கையை உயர்த்தினார். அவரைப் பார்த்து வரிசை வரிசையாக எல்லோரும் விழுந்தார்கள். நானும் விழுந்தேன். சித்தி மட்டும் நின்றார்.

டீச்சரம்மாவும் நின்றார். டிரெய்லரில் ஏறி, மாதாவின் விரலை முந்தானையால் துடைத்து, முந்தானையை மூக்கருகே கொண்டுபோனார்.

“அற்புதமும் இல்ல ஒண்ணும் இல்ல. சாயம் போவுது. எந்திரிங்க எல்லாரும்.”

முதல் தடவை நனைக்கும் புதுப்புடவையைத் தனி வாளியில்தான் நனைக்க வேண்டும் என்பது அங்கே முழங்காலிட்டிருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். ஆனால் மாதாவின் புடவையை யாரும் நனைத்ததே இல்லை, அதனால் யாருக்கும் தோன்றவில்லை. குவைத்து அக்காதான் முதலில் சிரித்தது. பிறகு மழையைவிடச் சிரிப்புச் சத்தம் பெரிதாகிவிட்டது. உபதேசியார் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, தேர் பத்திரமா என்று பார்ப்பவர்போல டிராக்டரைச் சுற்றிவந்தார்.

டீச்சரம்மா சிரிக்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கட்டி நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் விளிம்பைப் பிடித்து உள்ளங்கையில் பிழிந்தார். கையை விரித்துப் பார்த்தார். தெளிந்த தண்ணீர். இன்னொரு இடத்தில், புலிக்கோட்டுக்குப் பக்கத்தில், இன்னும் அழுத்திப் பிழிந்தார். அதுவும் தெளிந்த தண்ணீர். என் கூடத்தில் இன்று நான் செய்வது இதேதான், மெஷினில் செய்கிறேன், அவ்வளவே வித்தியாசம்.

“எங்க அவ? ஏறி வா இங்க,” என்று சித்தியைக் கூப்பிட்டார். “இத அவுத்து எறக்கு.”

கூட்டத்தில் யாரோ, அது தோய்த்த புடவையாச்சே டீச்சர் என்றார்கள். டீச்சரம்மாவின் உதட்டில் அதற்குள் நாலு ஊக்கு ஏறியிருந்தது.

“மேலருந்தே தீர்த்தம் தெளிச்சாச்சு. இனிமே என்ன, பேசாம ஓரத்தப் புடி.”

நாலு பெண்கள் யாரோ கொடுத்த வேட்டியை விரித்து மறைப்புப் பிடிக்க, கொட்டும் மழையில், சித்தி ஒரு நுனியும் டீச்சரம்மா மறு நுனியுமாகப் புடவையை மடிப்பு வைத்தார்கள். டீச்சரம்மா ஊக்கைக் குத்தும்போது எந்தக் கட்டம் முன்னால் வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சித்தியிடம் கேட்டுக் கேட்டுக் குத்தினார். மறைப்பு விலகியது. மாதாவின் தோளில் புலி ஓடியது, மடியில் தூளித் துணி, இடுப்பில் ஆறு கோட்டு நீலக்கரை, தலையில் முக்காடாக ஒன்பதாம் வீட்டு வெள்ளை. சித்தி டிரெய்லர் ஓரத்தில் நின்று அழுதுகொண்டே சிரித்தார். படம் வரைய ஐந்து வருஷமா என்று அதன் பிறகு அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. இன்று சென்னையில், டெல்லியில் சித்தியின் கட்டம் போட்ட படங்களின் முன்னால் நின்று இது எந்த மரபு என்று கேட்கிறார்கள். எங்க தெரு என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார். என் நோட்டும் பிற்பாடு அவரிடம்தான் இருந்தது. வீடு மாற்றும்போது எங்கோ போய்விட்டதாம்.

அன்று மழையில் அம்மா டிரெய்லருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மாதாவின் முழங்காலருகே ஒரு கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊதாக் கட்டம், மஞ்சள் கோடு ஒன்று. சித்தி அந்த லுங்கியைப் பார்த்ததுகூட இல்லை, என் நோட்டை வைத்து வரைந்திருந்தார். குறிப்பையும் வாசித்திருப்பார். அம்மா கையை நீட்டி அந்த ஈரத்தை ஒரு விரலால் தொட்டார்.

மறுநாள் காலை பளிச்சென்று வெயில். நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது அம்மா வாளியோடு நின்று அப்பாவின் லுங்கியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ பாட்டை முணுமுணுத்தார். லீவு கிடைத்து அடுத்த மாதம் அப்பா வருகிறார் என்பது எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

நான் நோட்டை எடுத்துவந்து, பதினேழாம் வீட்டு வரியைக் கண்டுபிடித்து, குறிப்பை அடித்துவிட்டு மேலே எழுதினேன்: தோய்த்தாயிற்று. சாயம் போகவில்லை.